எட்டு விண்மீன் திரள்கள் போதும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு இளைஞர்கள் 1980களின் தொடக்கத்தில் ஒரு கணினி ஆட்டத்தை எழுதினார்கள். 'எலைட்' என்று அதற்குப் பெயர். அதில் விண்மீன்களையும் கோள்களையும் உண்டாக்குவது ஒரு கணக்கு முறை. அந்தக் கணக்கை அதன் போக்கில் விட்டிருந்தால் சுமார் 281 லட்சம் கோடி விண்மீன் திரள்கள் பிறந்திருக்கும். வெளியிட முன்வந்த ஏக்கார்ன்சாஃப்ட் நிறுவனத்தார் வேண்டாம் என்று தடுத்தார்கள். அவ்வளவையும் திறந்துவிட்டால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பது ஆட்டக்காரருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும் என்பது அவர்கள் கவலை. கடைசியில் எட்டுத் திரள்கள், திரளுக்கு 256 கோள்கள் என்று முடிவானது. 1984 செப்டம்பரில் ஆட்டம் கடைக்கு வந்தது.

அன்று எழுந்த அந்தக் கேள்வியோடு விண்வெளி ஆட்டங்களைச் செய்பவர்கள் இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விண்வெளியில் பெரும்பகுதி வெற்றிடம். ஒரு கோளுக்கும் அடுத்ததற்கும் நடுவே கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு எதுவும் கிடையாது. அத்தனை வெறுமையைக் கொடுத்துவிட்டு அதற்குள் ஒருவரை என்ன செய்யவைப்பது? சரக்கு விற்கவைக்கலாம், ராக்கெட் கட்டவைக்கலாம், போர் நடத்தவைக்கலாம், சும்மா சுற்றிப் பார்க்கவிடலாம். கடையில் இவை எல்லாம் 'விண்வெளி' என்ற ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக நிற்கின்றன. எதை வாங்குவது என்று திகைப்பவருக்குப் படத்தின் பளபளப்போ கோள்களின் எண்ணிக்கையோ வழிகாட்டாது. ஒவ்வொரு வகையும் எங்கே, எந்தத் தேவையில் பிறந்தது என்று பார்த்தால் தேர்வு எளிதாகும்.

விதை 1962இல் விழுந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பி.டி.பி-1 என்ற புதிய கணினியைச் சுற்றி இரவும் பகலும் கிடந்த இளைஞர் கூட்டம் ஒன்று 'ஸ்பேஸ்வார்!' என்ற ஆட்டத்தை உருவாக்கியது. ஸ்டீவ் ரஸல் முன்னின்று எழுதினார். வட்டத் திரையில் இரண்டு கலங்கள், நடுவில் ஒரு விண்மீன். அந்த விண்மீனின் ஈர்ப்பு இரண்டு கலங்களையும் தன் பக்கம் இழுக்கும். அசட்டையாக இருப்பவர் எதிரி சுடாமலே அதில் விழுந்து அழிவார். பின்னணியில் கண்டபடி தூவியிருந்த புள்ளிகள் பீட்டர் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. உண்மையான இரவு வானத்து விண்மீன்களை, அவற்றின் ஒளி அளவோடு திரையில் நகரவைக்கும் தனி நிரல் ஒன்றை எழுதிச் சேர்த்தார். ஆட்டத்தில் வெற்றி தோல்விக்கு அந்த வானம் எந்த வகையிலும் உதவாது. ஆனாலும் அது சரியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் உழைத்திருக்கிறார். விண்வெளி ஆட்டங்களின் மீது காதல் கொண்டவர்களின் குணம் அன்றே வெளிப்பட்டுவிட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது. அதே 1969இல், மாசசூசெட்ஸின் லெக்சிங்டன் ஊரில் ஜிம் ஸ்டோரர் என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர், நிலவில் கலத்தை இறக்கும் ஆட்டம் ஒன்றைப் பள்ளிக்குக் கிடைத்த கணினியில் எழுதினார். படமே இல்லை, எண்கள் மட்டும்தான். உயரம், வேகம், மீதமுள்ள எரிபொருள் ஆகியவற்றைக் கணினி அச்சிட்டுக் காட்டும். அடுத்த பத்து விநாடிக்கு எவ்வளவு எரிக்க வேண்டும் என்று ஆட்டக்காரர் தட்டச்சு செய்ய வேண்டும். எதிரி கிடையாது. ஈர்ப்பும் எரிபொருளும்தான் எதிரில் நிற்கும். பின்னாளில் ராக்கெட் கட்டும் ஆட்டங்களாகக் கிளைத்த குடும்பத்துக்கு இதுவே மூத்தவர்.

எலைட்டுக்கு வருவோம். அது ஓடிய பி.பி.சி. மைக்ரோ கணினியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். இன்றைய கைப்பேசிப் புகைப்படம் ஒன்றின் சிறு மூலைகூட அதற்குள் அடங்காது. 2048 கோள்களின் பெயர், இருப்பிடம், ஆட்சி முறை, தொழில், மக்கள்தொகை எல்லாவற்றையும் அதற்குள் எப்படித் திணிப்பது? பிராபெனும் பெல்லும் எதையும் சேமிக்கவில்லை. மூன்று எண்களைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டி, கூட்டியதை மறுபடி கூட்டி, வரும் எண்களிலிருந்து ஒவ்வொரு கோளின் விவரத்தையும் அந்தந்த நொடியில் பெற்றார்கள். கோலம் போடுபவர் மனத்தில் கோலத்தின் படத்தைச் சுமப்பதில்லை. புள்ளிக் கணக்கும் இழுக்கும் முறையும் தெரிந்தால் எந்த வாசலிலும் அதே கோலம் வந்துவிடும். அப்படித்தான் 'லேவ்' என்ற தொடக்கக் கோளும் யார் வீட்டுக் கணினியிலும் அதே பெயரோடு அதே இடத்தில் எழுந்தது.

ஆட்டக்காரர் கையில் 100 கிரெடிட் பணமும் 'கோப்ரா மார்க் 3' என்ற கலமும் இருக்கும். உழவுக் கோளில் உணவுப்பொருளை மலிவாக வாங்கித் தொழிற்கோளில் விற்கலாம். கணினிகளை அங்கிருந்து ஏற்றி இங்கே இறக்கலாம். துணிந்தவர் அடிமைகளையும் போதைப்பொருளையும் கடத்தலாம். காவல் கலங்கள் துரத்தும். வழியில் கொள்ளையர் மறிப்பார்கள். சுழலும் விண்நிலையத்தின் குறுகிய வாயிலுக்குள் கலத்தையும் அதே வேகத்தில் சுழற்றியபடி நுழைவதுதான் டாக்கிங். புதியவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் நொறுங்கினார்கள். இந்த ஆட்டத்தில் மதிப்பெண் இல்லை, மூன்று உயிர் இல்லை, முடிவும் இல்லை. முன்பு தோர்ன் இ.எம்.ஐ. நிறுவனம் இதை ஏற்க மறுத்ததற்கும் இதுதான் காரணம். பத்து நிமிடத்தில் முடியும் ஆட்டங்களையே அன்றைய சந்தை அறிந்திருந்தது. 'தீங்கற்றவர்' என்ற படியில் தொடங்கி, 6,400 எதிரிக் கலங்களை வீழ்த்தி, 'எலைட்' என்ற பட்டத்தைத் தொட மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

வெறுமைக்கு எலைட் கொடுத்த விடை வணிகமும் ஆபத்தும். தூரம் என்பது இதில் லாபத்துக்கும் நட்டத்துக்கும் இடைப்பட்ட பாதை. வணிகம் செய்தபடி சுற்றும் ஆட்டங்கள் அனைத்தும் இந்த வம்சம்தான். ஜெர்மனியின் ஈகோசாஃப்ட் நிறுவனம் 1999இல் தொடங்கிய 'எக்ஸ்' வரிசை அந்த வணிகத்தைத் தொழிற்சாலைகள் வரை வளர்த்தெடுத்தது.

பிராபென் 1993இல் வெளியிட்ட 'ஃப்ரன்டியர்: எலைட் 2' அந்த விடையையே சோதித்துப் பார்த்தது. இம்முறை கோள்கள் உண்மையான அளவில் சுற்றின, தரையில் இறங்க முடிந்தது, கலங்கள் நியூட்டன் விதிப்படி பறந்தன. இத்தனையும் ஒரே ஃப்ளாப்பி வட்டில் அடங்கியது அந்தக் காலத்து அதிசயம். ஆனால் இயற்பியல் உண்மையானதும் வெறுமையும் உண்மையாகிவிட்டது. ஒரு கோளை அடைய நாள்கணக்கில் ஆகும். அதனால் காலத்தை வேகமாக ஓட்டும் கருவி ஒன்றை ஆட்டத்துக்குள் வைக்க வேண்டியிருந்தது. சண்டையிலும் அதே சிக்கல். பெருவேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று கடந்துபோய்விடும். வேகத்தைக் கொன்று திரும்பி வருவதற்குள் பொறுமை போய்விடும். பழைய எலைட்டின் விறுவிறுப்பை எதிர்பார்த்து வாங்கியவர்களில் பலர் ஏமாந்தார்கள். துல்லியம் கூடக்கூடச் சுவையும் கூடும் என்று நம்பிய எல்லோருக்கும் ஃப்ரன்டியர் ஒரு முக்கியமான பாடம். ஆனால் அந்தத் துல்லியத்தையே சுவையாக்க முடியும் என்பதை நிரூபிக்க இன்னொரு நாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

மெக்சிகோ நகரத்தில் ஸ்குவாட் என்ற விளம்பர நிறுவனம் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஃபெலிப்பே ஃபலாங்கே, ஆட்டம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதற்காக வேலையை விட நினைத்தார். போக வேண்டாம், இங்கேயே செய்யுங்கள் என்றார்கள் முதலாளிகள். பதின்பருவத்தில் அவர் அலுமினியத் தாளில் குட்டி மனிதர்களைச் செய்து, வாணவெடிகளில் கட்டி வானுக்கு அனுப்பி விளையாடுவாராம். அந்தக் குட்டி மனிதர்களுக்கு அவர் வைத்த பெயர் 'கெர்பல்'. 2011 ஜூன் 24 அன்று 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' பொதுமக்கள் கைக்கு வந்தது. முழுமையான முதல் பதிப்பு வர 2015 ஆனது.

இதில் எதிரி இல்லை. எரிபொருள் தொட்டி, எஞ்சின், அடுக்குகளைப் பிரிக்கும் வளையம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி ராக்கெட் கட்ட வேண்டும். முதலில் கட்டுவது பெரும்பாலும் ஏவுதளத்திலேயே சாய்ந்து வெடிக்கும். மேலே போவது ஒன்று, சுற்றுப்பாதையில் நிற்பது வேறொன்று என்பதை ஆட்டக்காரர் பட்டுத் தெரிந்துகொள்கிறார். உயரம் மட்டும் போதாது. பக்கவாட்டு வேகம் வேண்டும். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் பாதை மேலே ஏறி, இன்னும் பின்தங்கிப்போகிறோம். சந்திரயான்-3 பூமியை நீள்வட்டத்தில் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு முறையும் அண்மைப்புள்ளியில் எஞ்சினை இயக்கிச் சேய்மைப்புள்ளியை உயர்த்தியதை 2023 ஜூலையில் செய்தித்தாள் படங்களில் பார்த்தவர்கள் பலர். கெர்பல் விளையாடியவருக்கு அந்தப் படம் பழகிய பாதை. அதே வேலையை அவர் மௌஸைப் பிடித்துச் செய்திருப்பார்.

ஃபலாங்கே எங்கே வளைந்துகொடுத்தார் என்பதில்தான் அவருடைய திறமை தெரிகிறது. கெர்பல்களின் கோளுக்கு ஆரம் 600 கிலோமீட்டர்தான். பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தரையில் ஈர்ப்பு மட்டும் பூமிக்குச் சமம். அதனால் சுற்றுப்பாதையை எட்டச் சில நிமிடங்கள் போதும். கலத்தின் மீது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்புதான் வேலை செய்யும். லண்டனின் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000இல் இலவசமாகத் தந்த 'ஆர்பிட்டர்' இதைவிடத் துல்லியமானது. உண்மைச் சூரியக் குடும்பம், உண்மை அளவுகள். ஆனால் கையேட்டோடு உட்காரும் பொறுமை உள்ளவர்களுக்கே அது வசப்பட்டது. கெர்பல் சிறுவர்களையும் கூட்டிக்கொண்டது. 2014இல் நாசாவே அதன் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து, சிறுகோளைப் பிடித்து இழுக்கும் பயணத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் ஒரு பூதமும் உண்டு. தொடக்கப் பதிப்புகளில் கலம் வெகுதூரம் போனதும் காரணமில்லாமல் நடுங்கும். சில நேரம் துண்டுதுண்டாகச் சிதறும். ஆட்டக்காரர்கள் அதற்குக் 'கிராகன்' என்று கடல்பூதத்தின் பெயரைச் சூட்டினார்கள். உண்மையில் அது எண்களின் பூதம். கணினி தசம எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்கள் வரைதான் வைத்துக்கொள்ளும். தொடக்கப் புள்ளியிலிருந்து தூரம் கூடக்கூட நுண்ணளவு தேய்ந்து, எஞ்சின் இங்கே தொட்டி அங்கே என்று இடம் பிசகும். தீர்வு அழகானது: கலத்தை நடுவில் அசையாமல் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிப் பிரபஞ்சத்தையே நகர்த்தினார்கள். வெறுமையின் அளவு கணினியின் எண்களையும் தோற்கடிக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. அடுத்து வந்த 'கெர்பல் 2' 2023இல் அரைகுறையாக வெளியாகி, மறு ஆண்டே நின்றுபோனது வருத்தத்துக்குரிய கதை.

வெறுமையை மனிதர்களால் நிரப்பலாம் என்று நினைத்தவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். ரேக்யவிக்கில் இயங்கிய சி.சி.பி. நிறுவனம் முதலில் ஒரு பலகை ஆட்டத்தை விற்றுப் பணம் சேர்த்து, 2003 மே மாதம் 'ஈவ் ஆன்லைன்' ஆட்டத்தைக் கொண்டுவந்தது. உலகத்தார் பெரும்பாலோருக்கும் ஒரே பிரபஞ்சம். ஆயிரக்கணக்கான விண்மீன் குடும்பங்கள், அவற்றை இணைக்கும் வாயில்கள். அதற்கு மேல் நடப்பதெல்லாம் ஆட்டக்காரர் விருப்பம். 'ஜீட்டா' என்ற இடம் பெரும் சந்தையாக மாறியது ஆட்டக்காரர்கள் அங்கே கூடியதால்தான். பொருளாதாரத்தைக் கவனிக்க 2007இல் நிறுவனம் ஒரு பொருளாதார அறிஞரையே வேலைக்கு வைத்தது. 2014 ஜனவரி 27 அன்று, பி-ஆர்5ஆர்பி என்ற பகுதியின் உரிமைக்கான கட்டணம் ஒன்று தவறிப்போனது. பகைக் கூட்டணி உள்ளே நுழைந்தது. ஏறத்தாழ 21 மணி நேரம், ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் ஈடுபட்டார்கள். கட்டி முடிக்க மாதக்கணக்காகும் 'டைட்டன்' கலங்களில் 75 அழிந்தன. சுமை தாங்காமல் கணினிகள் ஆட்டத்தின் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்து ஓட்டின. அன்றைய இழப்பை உண்மைப் பணத்தில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் கலங்களின் சிதைவுகளைச் சி.சி.பி. அங்கேயே நினைவுச் சின்னமாக நிறுத்திவைத்தது. ஈவில் நுழைபவர் நட்சத்திரங்களைப் பார்க்கப் போவதில்லை. ஒரு நாட்டின் அரசியலுக்குள் குடியேறுகிறார்.

எண்ணிக்கையின் மீதான ஆசை 2016இல் உச்சத்தைத் தொட்டது. இங்கிலாந்தின் கில்ட்ஃபர்டைச் சேர்ந்த ஹலோ கேம்ஸ் என்ற சிறு குழு, ஷான் மர்ரியின் தலைமையில், 'நோ மேன்ஸ் ஸ்கை' ஆட்டத்தை அந்த ஆகஸ்டில் வெளியிட்டது. கோள்களின் எண்ணிக்கை இரண்டின் 64ஆம் அடுக்கு. எழுதினால் 20 இலக்கங்கள். எலைட்டின் அதே உத்திதான், ஆனால் இப்போது மலையும் மரமும் விலங்கும் அதன் தோலும்கூடக் கணக்கிலிருந்து முளைத்தன. முன்னோட்டப் படங்களில் மயங்கிய உலகம் முதல் வாரத்திலேயே கொதித்தது. வெளியான நாளிலேயே இரண்டு ஆட்டக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே கோளின் ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. பத்துக் கோள்களைப் பார்த்தவருக்குப் பதினொன்றாவதன் அச்சு பிடிபட்டது. ஏக்கார்ன்சாஃப்ட் 32 ஆண்டுகளுக்கு முன் கவலைப்பட்டது இதற்காகத்தான்.

மர்ரியின் குழு ஓடி ஒளியவில்லை. வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. தளம் கட்டும் வசதி 2016 நவம்பரில் வந்தது. 2018 ஜூலையில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கண்ணால் பார்க்க முடிந்தது. இன்றுவரை சேர்த்த எதற்கும் தனிக் காசு வாங்கவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஆட்டத்தைக் காப்பாற்றியது கோள்களின் எண்ணிக்கை இல்லை. ஒரே பகுதியில் குடியேறி, ஊர் அமைத்து, வரைபடம் போட்டவர்கள்தான் அதற்கு உயிர் கொடுத்தார்கள். கோடானுகோடிக் கோள்கள் இருந்தும் மக்கள் ஒரு மூலையில் கூடியே வாழ்ந்தார்கள்.

கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்கு முழு மரியாதை செய்த ஆட்டங்கள் வேறொரு கிளையில் இருக்கின்றன. பெரும்பாலும் அவை சிறியவை. 1986இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'ஸ்டார்ஃப்ளைட்' அவற்றில் முன்னோடி. 270 விண்மீன் குடும்பங்கள், 800 கோள்கள், எல்லாம் இரண்டு ஃப்ளாப்பி வட்டுகளில். மாலுமிகளைத் தேர்ந்து, கோளில் இறங்கித் தாது எடுத்து, வேற்றினத்தாரோடு பேசி, விண்மீன்கள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கின்றன என்று துப்புத் துலக்க வேண்டும். இறுதியில் தெரியவரும் உண்மை உலுக்கிவிடும்: ஆட்டம் முழுக்க எரிபொருளாக எரித்துவந்த படிகங்கள் உயிருள்ள, அறிவுள்ள ஓர் இனம். ஒரு புதிய கோளைப் பார்ப்பதைவிட, ஏற்கெனவே செய்ததன் பொருள் மாறிப்போவது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு!

அந்தத் தடத்தில் 2019இல் வந்தது 'அவுட்டர் வைல்ட்ஸ்'. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய வேலை அது. ஒரே ஒரு சூரியக் குடும்பம். அதன் கோள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மணல் மற்றொன்றுக்குப் பாய்ந்து, இங்கே குகைகளை மூடி அங்கே இடிபாடுகளைத் திறக்கிறது. இன்னொரு கோளின் வயிற்றில் கருந்துளை. மேலோடு துண்டு துண்டாக அதில் விழுகிறது. 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், ஆட்டக்காரர் மீண்டும் தொடக்கத்தில் கண்விழிப்பார். சம்பாதிக்கப் பணமில்லை, வாங்கப் புதிய கலமில்லை. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோக முடிவது தெரிந்துகொண்டதை மட்டுமே. 2020இல் சிறந்த ஆட்டத்துக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. தகுதியான விருது. எண்ணிக்கையைத் துரத்திய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, சிறிய வானத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் வைத்துக் கட்டினால் வெறுமையும் கேள்வியாக மாறும் என்பதை இந்தக் குழு செய்து காட்டியது.

பிராபெனும் சும்மா இருக்கவில்லை. மக்களிடம் நிதி திரட்டி 2014 டிசம்பரில் 'எலைட் டேஞ்சரஸ்' கொண்டுவந்தார். இம்முறை பால்வீதி முழுவதும், 40,000 கோடி விண்மீன் குடும்பங்களோடு, உண்மை அளவில். பழைய வணிகமும் கொள்ளையரும் டாக்கிங்கும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதன் உயிர் வேறிடத்தில் துடிக்கிறது. எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்பவரைத் தேடிப் போய் எண்ணெய் ஊற்றிக் காப்பாற்றும் 'ஃபியூவல் ராட்ஸ்' என்ற தொண்டர் கூட்டம் 2015இல் தோன்றியது. கட்டணம் எதுவும் கிடையாது. 2019 ஜனவரியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூட்டாகப் புறப்பட்டு, சூரியனிலிருந்து 65,000 ஒளியாண்டு தொலைவில், பால்வீதியின் மறுகரையில் இருக்கும் 'பீகிள் பாயின்ட்' நோக்கி மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். இத்தனைக்குப் பிறகும், முதல் எட்டு ஆண்டுகளில் மனிதர் கண் பட்ட பகுதி ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இன்று புதிதாகத் தொடங்குபவர் தன் நேரத்தையும் கணினியையும் முதலில் பார்க்க வேண்டும். சாதாரண மடிக்கணினியும் கணக்கில் கொஞ்சம் ஆசையும் இருந்தால் கெர்பலின் முதல் ஆட்டம் போதும்; இரண்டாவதைத் தொட வேண்டாம். நல்ல கதையை ரசிப்பவருக்கு அவுட்டர் வைல்ட்ஸ்; அதைப் பற்றி ஒரு வீடியோகூட முன்கூட்டிப் பார்க்காமல் இறங்க வேண்டும், ஏனென்றால் தெரிந்த விடையை இரண்டாம் முறை கண்டுபிடிக்க முடியாது. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் அமைதியாகச் சுற்ற நினைப்பவருக்கு நோ மேன்ஸ் ஸ்கை. இணையம் இல்லாமலும் ஓடும். எலைட் டேஞ்சரஸுக்கு எப்போதும் இணைய இணைப்பு வேண்டும். இணைப்பில்லாமல் ஆடும் வசதி தருவதாகச் சொல்லியிருந்ததை வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு கைவிட்டார்கள். ஈவ் 2016 நவம்பர் முதல் இலவசமாகத் தொடங்கக் கிடைக்கிறது. ஆனால் அது கேட்பது காசைவிட நேரத்தையும், நம்பத் தகுந்த நாலு பேரையும்.